கடைத்தெருவில் சின்னக் கடை நடத்துகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்கு மளிகையும் நாட்டு மருந்தும் சேர்ந்த கடை ஒன்று இருக்கிறது. மயிலாடுதுறை பட்டமங்கலத் தெரு, தஞ்சாவூர் கீழவாசல், மன்னார்குடி, திருவாரூர் என்று டெல்டா முழுக்கச் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் கடை வைத்திருக்கிறார்கள். அப்பா கடையைக் கையில் எடுத்த பிள்ளைகளும், புதிதாகக் கடை போட நினைக்கிறவர்களும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். சாமான் வாங்க வருகிறவர்கள் கேட்டதும் ஒன்று உண்டு, அதையும் விடவில்லை.

பைபாஸ் பக்கம் வந்திருக்கும் சூப்பர் மார்க்கெட் விலைக்கு என்னால் கொடுக்க முடியவில்லை. விலையைக் குறைத்தே ஆக வேண்டுமா?

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, பாக்கெட் எண்ணெய் இதெல்லாம் எங்கே வாங்கினாலும் ஒரே பொருள்தான், அதில் போட்டிக்கு நிற்காதீர்கள். அவர்கள் லாரிக் கணக்கில் வாங்குகிறார்கள், நீங்கள் ஏஜென்ட் வண்டியில் பெட்டிக் கணக்கில் வாங்குகிறீர்கள். இந்த வித்தியாசத்தைச் சாமர்த்தியத்தால் தீர்க்க முடியாது. பாக்கெட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச விலை மட்டுமே, அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்பதால் அவர்கள் குறைத்துக்கொண்டே போவார்கள், நீங்களும் பின்னாலேயே போனால் கையைக் கடிக்கும்.

ஆனால் ஒன்று. ஜனங்கள் விலையை மனதில் வைத்திருப்பது நாலைந்து சாமானுக்குத்தான்: சர்க்கரை, துவரம்பருப்பு, உளுந்து, கடலை எண்ணெய், இட்லி அரிசி. அந்த நாலைந்தில் ஊர் விலையைவிட ஒரு ரூபாய்கூட ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏறினால் "இந்தக் கடையே அநியாய விலை" என்று பெயர் வந்துவிடும், மற்ற எதில் குறைத்துக் கொடுத்தாலும் அந்தப் பெயர் போகாது.

"வாங்கண்ணே, வாங்கக்கா" என்று சிரித்துப் பேசினால் போதுமா? தனிக் கவனிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

சிரித்துப் பேசுவது நல்லதுதான், அதை வெளியிலிருந்து வரும் கம்பெனியும் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அவர்களுக்குச் சுலபத்தில் வராதது ஞாபகம். எந்த வீட்டுக்கு என்ன ரகம், எந்த மாதத்தில் என்ன தேவை, போன தடவை என்ன குறை சொன்னார்கள் என்பதெல்லாம் கடைக்காரர் தலையில் இருக்க வேண்டும், தலையில் நிற்காதென்றால் நோட்டில் இருக்க வேண்டும்.

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்ப்பக்கம் நாம், இங்கே வருகிறவர்களுக்கு அரிசியைப் பற்றிச் சும்மா கதை விட முடியாது. இட்லிக்கு என்று கேட்டால் சி.ஆர். 1009 மாதிரி குண்டு ரகப் புழுங்கலைக் கொடுக்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து புது அரிசி வர ஆரம்பிக்கும். அதைப் பழைய அரிசிக்கு வைக்கிற அளவு தண்ணீர் வைத்து வடித்தால் குழைந்துபோகும், அடுத்த நாள் காலையில் கடைக்கு வந்து "என்னங்க அரிசி கொடுத்தீங்க" என்பார்கள். மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும்போதே "இது புதுசுக்கா, தண்ணி கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று சொல்லிவிட்டால் அந்தச் சண்டையே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற வீடு, பல் இல்லாத பாட்டி இருக்கிற வீடு, வாரம் ஒரு நாள் பிரியாணி போடுகிற வீடு, மூன்றுக்கும் ஒரே அரிசியை எடைபோட்டுக் கொடுப்பதற்கு ஒரு மனிதர் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நாட்டு மருந்தில் இது இன்னும் அதிகம். பிரசவ லேகியத்துக்குச் சாமான் கேட்டு வருகிற மாமியாருக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் கணக்காகப் போட்டுக் கட்டிக் கொடுப்போம், சரி. ஆனால் பச்சைக்குழந்தைக்குக் காய்ச்சல், பேதி என்று சொல்லி மருந்து கேட்டால் "முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்புகிற கடையாக இருங்கள். அந்த நேரத்தில் விட்ட பத்து ரூபாய் வியாபாரத்துக்காக யாரும் ஏழையாகிவிடவில்லை.

பாத்திரக் கடைக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? எவர்சில்வரெல்லாம் ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறதே?

வரட்டும். கும்பகோணம் பாத்திரக் கடைத் தெருக்களில் நின்று பார்த்தால் எது பார்சலில் வராது என்று புரிந்துவிடும்.

ஒரு குடம், இரண்டு தாம்பாளம், ஒரு அண்டா என்று மகளின் சீருக்கு எடுக்கிறார்கள். எடுத்து முடித்ததும் கடையில் ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் நீட்டுவார்கள். அதில் பெயர், இனிஷியல், தேதி, சிலர் "அம்மா வீட்டுச் சீர்" என்றுகூட எழுதிக் கொடுப்பார்கள். பெயர் வெட்டுகிறவர் அந்தச் சீட்டைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிஷினின் ஊசி முனையை விளிம்புக்குக் கீழே பதித்து, புள்ளி புள்ளியாக இழுத்துக்கொண்டே போவார். கட்டர்ர் என்று சத்தம் வரும். பெண்ணின் அம்மா ஒவ்வோர் எழுத்தாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் கல்யாணம் எங்கே, மாப்பிள்ளை என்ன செய்கிறார், பெண் எந்த ஊருக்குப் போகிறாள், அடுத்த பெண்ணுக்கு என்ன வயது என்று எல்லாம் பேச்சில் வந்துவிடும். கெட்டிக்காரக் கடைக்காரர் வளைகாப்புக்கு என்ன தேவைப்படும் என்று அப்போதே மனதில் குறித்துக்கொள்வார்.

ஈயம் பூசுவதும் அப்படித்தான். பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைக்க வேண்டுமென்றால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருக்க வேண்டும். பாத்திரத்தை நெருப்பில் நன்றாகச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தை உள்ளே உரசி, அது உருகி ஓடும்போது பஞ்சையோ துணியையோ வைத்து ஒரே சீராகத் தேய்த்துவிடுவார்கள், கறுத்துப்போன உட்புறம் கண்ணெதிரே வெள்ளையாக மாறும். புகையிலும் சூட்டிலும் செய்கிற கஷ்டமான வேலை, செய்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் மாதத்தில் இரண்டு நாள் உங்கள் கடை வாசலில் உட்கார இடம் கொடுங்கள், கூலியை அவரே வாங்கிக்கொள்ளட்டும். பாட்டி காலத்து உருளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அது தயாராகும் வரைக்கும் உங்கள் கடைக்குள்தான் நிற்பார்.

கடன் கொடுக்கலாமா, கூடாதா?

"இன்று ரொக்கம் நாளை கடன்" போர்டு மாட்டியிருக்கிற கடைக்குள்ளும் கடன் நோட்டு இருக்கும். டெல்டாவில் கடன் இல்லாமல் சில்லறை வியாபாரம் நடத்துவது சிரமம், ஏனென்றால் இங்கே நிறைய வீடுகளுக்குப் பணம் வருவது மாதச் சம்பளமாக இல்லை. அதனால் யாருக்குக் கொடுப்பது என்பதோடு, எந்த வீட்டுக்கு எப்போது பணம் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

விவசாயக் குடும்பத்துக்கு மேட்டூர் அணையில் தண்ணீர் திறப்பதில் கணக்கு ஆரம்பிக்கிறது. வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தள்ளிப்போனால் குறுவை நெல் சாகுபடி சுருங்கும், குறுவை சுருங்கினால் ஐப்பசியில் கைக்கு வர வேண்டிய பணம் வராது, தீபாவளிக்கு வாங்குகிற கடன் தை வரைக்கும் நோட்டில் நிற்கும். அறுத்த பிறகும் உடனே வந்துவிடாது. அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், மழை பிடித்துக்கொண்டால் நெல்லைக் காயவைத்துக்கொண்டு வாசலிலேயே கிடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் வங்கிக் கணக்கில் பணம் ஏறும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிற கடைக்காரர் மார்கழியில் போய் விவசாயியிடம் பாக்கியைக் கேட்க மாட்டார்.

நாகப்பட்டினம் பக்கம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அந்த மீனவர் வீட்டில் வரவு நின்றுவிடும். திருபுவனத்தில் நெசவாளர் வீடு என்றால் சேலை நெய்து கொடுத்தால்தான் கூலி. வாத்தியார் வீடு, ஆபீஸ் வேலைக்காரர் வீடு என்றால் ஒன்றாம் தேதி. மூன்று பேருக்கும் ஒரே கெடு வைத்தால் மூன்று பேரையும் சங்கடப்படுத்துகிறீர்கள்.

சில விஷயங்களில் மட்டும் கறாராக இருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு முதலிலேயே பேசிவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் எழுதியதை அவர்கள் கண்ணில் காட்டுங்கள், இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட்டால் முடிந்தது, "நான் அன்னிக்கு எண்ணெய் வாங்கவே இல்லையே" என்ற பேச்சு வராது. சிகரெட்டும் புகையிலையும் கடனுக்கு வேண்டாம். வட்டி போடாதீர்கள். மளிகைப் பாக்கிக்கு வட்டி போட ஆரம்பித்த நாளிலிருந்து உங்களை வேறு ஆளாகத்தான் பார்ப்பார்கள்.

பாக்கி வைத்தவர் கடைப் பக்கமே வராமல் வேறு தெரு வழியாகப் போகிறார். என்ன செய்வது?

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு போகிறார், நிறைய பேர் விஷயத்தில் அதுதான் உண்மை. கடையில் நாலு பேர் நிற்கும்போதும், அவர் பிள்ளையிடமும், அவர் வீட்டுக் கல்யாணம் காட்சியிலும் கேட்காதீர்கள். தனியாக ஒரு போன் போட்டு, "அண்ணே, பாக்கி அப்படியே இருக்கட்டும், முடிஞ்சப்ப நூறு இருநூறா கொடுங்க. இனிமே வாங்குறதை ரொக்கத்துக்கு வாங்கிக்கங்க, கடைக்கு வராம இருக்காதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். பழைய பாக்கி மெதுவாகத்தான் குறையும், ஆனால் அந்தக் குடும்பத்தின் மாதச் சாமான் திரும்ப உங்களிடம் வந்துவிடும். நிஜமாகவே ஏமாற்றுகிறவர் என்று தெரிந்தால் நோட்டில் கோடு போட்டு மூடிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள், ஊரில் பெரியவர்கள் மட்டும்தான். எங்கள் வியாபாரம் சுருங்காதா?

இந்தக் கேள்வி கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர், மன்னார்குடி பக்கத்திலிருந்து அதிகம் வருகிறது. என்னைக் கேட்டால் சின்னக் கடைக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இப்போது இல்லை, பொறுப்பும் அதே அளவுக்கு இருக்கிறது.

அம்மாவிடம் "என்னம்மா வேணும்" என்று போனில் கேட்டால் "ஒண்ணும் வேணாம்பா, எல்லாம் இருக்கு" என்றுதான் சொல்வார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற மளிகைக் கடைக்காரருக்குத்தான் உண்மை தெரியும். மகன் உங்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் பேசுகிறார், "அம்மாவுக்கு என்ன போகுமோ அதைப் போட்டுவிடுங்க, பில்லை எனக்கு அனுப்புங்க" என்கிறார். உங்கள் பையன் சைக்கிளில் கொண்டுபோகிறான். கதவைத் தட்டுகிறான், அம்மா வந்து திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எண்ணெய் டின்னைத் தூக்கி வைக்க முடிகிறதா, போன மாதம் கொடுத்த பருப்பு பிரிக்காமலே கிடக்கிறதா என்று பார்க்கிறான். சமையல் குறைந்துவிட்டதென்றால் சாமானில் தெரியும், மகனுக்குத் தெரியாது.

இங்கே ஒரு எல்லையை மதிக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தெரியாமல் அவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சேதி சொல்லாதீர்கள். "மாமி, நீங்க ரெண்டு நாளா சரியா சாப்பிடலைன்னு தம்பிகிட்ட சொல்லட்டுமா?" என்று அவர்களிடமே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவசரம் என்றால் வேறு, அப்போது முதலில் பக்கத்து வீட்டையும் ஆஸ்பத்திரியையும் கூப்பிடுங்கள், மகனுக்கு அப்புறம் சொல்லலாம். கேஸ் புக் செய்ய, மருந்துச் சீட்டைப் பார்மஸியில் கொடுத்து வாங்க, கரண்ட் பில் கட்ட என்று சின்னச் சின்ன வேலைகள் சேர்ந்துகொண்டே போகும். முடிந்ததைச் செய்யுங்கள். ஆனால் வங்கி அட்டை, ரகசிய எண், நகை இதையெல்லாம் அவர்களே கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள், பையனையும் வாங்க விடாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பணம் வாங்கலாமா?

தெருவுக்குள் என்றால் வேண்டாம். ஊருக்கு வெளியே என்றால் மாதச் சாமானுக்கு இலவசம், அரை கிலோ ரவைக்கு என்றால் அடுத்த நடை போகும்போது சேர்த்துக் கொண்டுவருவதாகச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப், கூகுள் மேப் இதெல்லாம் எங்கள் மாதிரிக் கடைக்குத் தேவையா?

தேவை. மேப்பில் கடை பெயர், திறக்கும் நேரம், சரியான போன் எண் இருந்தால் போதும், வெளியூரிலிருந்து நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பாதீர்கள். கையால் எழுதிய லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவர்கள் குரலில் பேசி அனுப்பட்டும், இரண்டுக்கும் "வந்தது, சாயங்காலம் ஆறு மணிக்கு வரும்" என்று உடனே பதில் போடுங்கள். அந்த ஒரு வரிப் பதிலை ஒழுங்காகப் போடுகிற கடைக்கே லிஸ்ட் திரும்பத் திரும்ப வரும்.

துக்கம் நடந்த வீட்டிலிருந்து நடு இரவில் கூப்பிடுகிறார்கள். கடையைத் திறக்க வேண்டுமா?

திறக்க வேண்டும். வந்து நிற்கிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பங்காளிப் பையனாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார், அவருக்கு என்ன வாங்குவது என்றே தெரியாது. அவரிடம் லிஸ்ட் கேட்காதீர்கள். பச்சரிசி, நல்லெண்ணெய், பஞ்சு, கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, மஞ்சள், பன்னீர் என்று அந்த வீட்டு வழக்கம் தெரிந்து நீங்களே எடுத்துப் பையில் போட்டுக் கொடுங்கள். வருகிறவர்களுக்குப் போடக் காபிப்பொடி, சர்க்கரை, பேப்பர் கப் இவற்றையும் சேர்த்து வையுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றாது. கோடித்துணிக்கு ஜவுளிக்கடைக்காரரை நீங்களே எழுப்பிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி அன்றைக்குப் பேச்சே எடுக்கக் கூடாது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள். மறக்காமல் வந்து கேட்பார்கள். இறுதி ஊர்வலம் தெருவில் வரும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்கிற பழக்கம் நம் கடைத்தெருக்களில் இருக்கிறது. புதிதாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற தம்பிகள் அதை விட்டுவிடாதீர்கள், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சரி.

நான் கடைக்காரி இல்லை, வாங்க வருகிறவள். சூப்பர் மார்க்கெட்டில் யாரும் என்னை ஏற இறங்கப் பார்ப்பதில்லை. உங்கள் கடைகளில் நான் ஏன் நிற்க வேண்டும்?

நீங்கள் கேட்பது நியாயம். கடைக்காரர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

எல்லோரையும் தெரிந்திருக்கிற ஊரில், யாரை எங்கே நிறுத்துவது என்ற பழைய கணக்கும் சேர்ந்தே வருகிறது. நடவுக்கும் களை எடுக்கவும் போய்விட்டுச் சேற்றுக் காலோடு வந்து ஓரமாக நிற்கிற அம்மாவை நிறுத்திவைத்துவிட்டு, பின்னால் பைக்கில் வந்திறங்கினவருக்கு முதலில் எடைபோடுவது. அறுபது வயதுக்காரரை "என்னா வேணும், சொல்லு" என்று ஒருமையில் கேட்பது. சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைப்பது. இதையெல்லாம் அனுபவித்தவர்களுக்குச் சூப்பர் மார்க்கெட்டில் கூடையை எடுத்துக்கொண்டு தாங்களாக எடுத்துப் போட்டு, வரிசையில் நின்று, எல்லோருக்கும் கொடுக்கிற அதே பில்லை வாங்கிக்கொண்டு வருவது பெரிய நிம்மதி. அந்த மரியாதையைக் கொடுக்காமல் "எங்கள் ஊர், எங்கள் ஜனம்" என்று பேசுகிற உரிமை எந்தக் கடைக்கும் இல்லை.

மாற்றுவதற்குச் செலவே இல்லை. வந்த வரிசைப்படி சாமான். எல்லோருக்கும் "வாங்க", எல்லோருக்கும் "என்னங்க வேணும்". தராசு எண் வாங்குகிறவர் பக்கம் தெரிய வேண்டும். பணம் கையிலிருந்து கைக்கு. கடைப்பையன் மாற்றிப் பேசினால் அந்த இடத்திலேயே திருத்துங்கள், ஆள் போன பிறகு சொல்வதால் பிரயோஜனம் இல்லை. வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள் தினமும் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்கள், ஐம்பது மில்லி எண்ணெயும் கால் கிலோ பருப்புமாக மாதம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் பெரிய வீட்டு லிஸ்ட்டுக்குக் குறைவில்லை. கணக்கே இல்லாவிட்டாலும் மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது. யார் கடன் வைத்திருக்கிறார், யார் வீட்டில் என்ன மருந்து வாங்கினார்கள் என்பதெல்லாம் கடையில் அரட்டையாகப் பேசப்பட்டால் பெண்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

கடைப்பையன்கள் நிற்பதே இல்லை, பெரிய கடைக்கு ஓடிவிடுகிறார்கள்.

சம்பளம் ஒரு காரணம், நடத்துகிற விதம் இன்னொரு காரணம். உட்கார இடம் கொடுக்கிறீர்களா? தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரைக்கும் நின்று கால் வீங்கிப்போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். வாடிக்கைக் குடும்பங்களை முகம் பார்த்து அடையாளம் காண்கிறவர்கள் அவர்கள்தான். பத்து வருடம் இருந்த பையன் போனால் அவனோடு நூறு வீட்டு ஞாபகமும் போய்விடும், அதை மனதில் வைத்துச் சம்பளம் பேசுங்கள்.

திருவிழா நன்கொடை கேட்டு வாரத்துக்கு ஒரு கும்பல் வருகிறது. எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா?

வருடத்துக்கு இவ்வளவு என்று சித்திரையிலேயே ஒதுக்கிவிடுங்கள், அதற்கு மேல் கேட்டால் நோட்டைக் காட்டி "இந்த வருஷத்துக்கு முடிஞ்சதுங்க, அடுத்த வருஷம் முதல்ல வாங்க" என்று சொல்லலாம். முடிந்தவரை பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுங்கள்: அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி, நோன்புக் கஞ்சிக்குப் பருப்பும் பூண்டும், கோடையில் நீர்மோர் பந்தல். கோயிலுக்குக் கொடுத்தால் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் கொடுங்கள். உங்களிடம் வாங்குகிறவர்கள் மூன்றிலும் இருக்கிறார்கள். நோட்டீஸில் பெயர் பெரிதாக வர வேண்டும் என்று அலையாதீர்கள், பக்கத்து அரசுப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஜாமென்ட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தது அதைவிட நீண்ட நாள் நிற்கும்.

ஜி.எஸ்.டி., லைசென்ஸ், தராசு முத்திரை?

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைத்துச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். மற்றதற்கு ஒரு நல்ல கணக்கரைப் பிடியுங்கள்.

பக்கத்துக் கடைக்காரரும் இதே வியாபாரம்தான். அவரோடு எப்படி இருப்பது?

நல்லபடியாக. கிராமத்திலிருந்து கல்யாண ஜவுளிக்கு பஸ் ஏறி வருகிற குடும்பம் ஒரே நாளில் பட்டு, பாத்திரம், கவரிங், மளிகை, வெற்றிலை பாக்கு எல்லாம் முடித்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அவர்கள் கணக்கில் தெரு முழுவதும் சேர்ந்து ஒரே கடைதான். உங்களிடம் இல்லாததை "இல்லை" என்று அனுப்பாமல் எதிர்க்கடையிலிருந்து எடுத்துவரச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆளோடு அனுப்பிவையுங்கள். வாங்கிய பைகளை வைத்துவிட்டுப் போக இடம், குடிக்கத் தண்ணீர், வயதானவர் உட்கார ஒரு பெஞ்ச், முக்கியமாகப் பெண்கள் போக ஒரு சுத்தமான கழிப்பறை. இதற்குத் தனியாக முடியாவிட்டால் நாலு கடை சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். கழிப்பறை இல்லாத ஒரே காரணத்துக்காக மாலுக்கும் பெரிய கடைக்கும் போகிற பெண்கள் எத்தனையோ பேர், வெளியே சொல்ல மாட்டார்கள். மே 5 வணிகர் தினத்தன்று கடையை மூடிவிட்டு மாநாட்டுக்குப் போகிறோமே, திரும்பி வந்ததும் தெருக்காரர்கள் உட்கார்ந்து இதைப் பேசி முடிக்கலாம். மிளகாய், மல்லி, பருப்பு இவற்றை நாலு பேர் சேர்ந்து மூட்டைக் கணக்கில் எடுத்தால் கொள்முதல் விலையும் இறங்கும்.

புயல், வெள்ளம் வந்தால்?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி வட்டாரத்தில் தென்னை மரங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, எத்தனையோ கிராமங்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. செல்போன் டவர் வேலை செய்யவில்லை, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, கார்டு தேய்க்க முடியவில்லை. அப்போது வேலை செய்தது கடன் எழுதுகிற பேப்பர் நோட்டும் முகப் பழக்கமும்தான்.

அதனால் ஐப்பசி பிறந்ததும் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பேட்டரி, பால் பவுடர், ரொட்டி, குடிதண்ணீர் கேன் கொஞ்சம் கூடுதலாக வாங்கி உயரமான இடத்தில் வையுங்கள். கரண்ட் இல்லாமல் எடைபோட ஒரு கைத்தராசு முத்திரையோடு இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இருக்கிற கடன் கணக்கை மாதம் ஒரு முறை பேப்பரில் ஏற்றிவிடுங்கள். மெழுகுவர்த்தி விலையை ஒரு பைசாகூட ஏற்றாதீர்கள். புயல் நேரத்தில் ஏற்றினவர் பெயரையும் ஏற்றாதவர் பெயரையும் நம் ஊரில் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்வார்கள்.

2028-ல் மகாமகம் வருகிறது. கும்பகோணம் கடைகள் இப்போதே என்ன செய்யலாம்?

கடைசியாக 2016 பிப்ரவரியில் நடந்தது, பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பதால் அடுத்தது 2028 மாசியில். லட்சக்கணக்கில் ஜனம் வரும், எல்லோரும் வெளியூர், திரும்ப உங்கள் கடைக்கு வர மாட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலிலும் தேங்காய் பழத்திலும் விலையை ஏற்றுகிற ஆசை சிலருக்கு வரும். வேண்டாம், வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் பக்கம் சொந்தபந்தம் இருக்கும்.

உள்ளூர்க்காரர்களை அந்த நாட்களில் மறந்துவிடுவதுதான் நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி போகாது, சரக்கு லாரி உள்ளே வராது, வயதானவர்களால் கூட்டத்தில் வெளியே வரவே முடியாது. ஆகவே தை மாதத்திலேயே வாடிக்கை வீடுகளிடம் கேட்டு, மாசி முழுக்கத் தேவையான அரிசி பருப்பு, காபிப்பொடி, விருந்தாளிகளுக்குக் கூடுதலாக ஒரு பங்கு என்று வீட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். கொள்முதலுக்குப் பணம் அதிகம் வேண்டியிருக்கும், 2027 தீபாவளி வசூலிலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். கூட்டத்தில் நெட்வொர்க் திணறும் என்பதால் பத்து ரூபாய், இருபது ரூபாய் சில்லறையும் கையில் இருக்கட்டும்.